தர்மராஜ் போட்ட கல்

விருத்தாசலம் வட்டாரத்து நில அளவைப் பதிவுகளை நம்புவதென்றால், இந்தப் பக்கத்து மாடுகளைப் போல அராஜகம் பிடித்த மாடுகள் வேறெங்கும் கிடையாது. எந்த எல்லைக் கல் இடம் தவறி இருந்தாலும், ‘கால்நடைகள் இடித்ததால் கல் இடம்பெயர்ந்துள்ளது’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். இரண்டடி ஆழத்தில் புதைத்த கருங்கல்லை எந்த மாடு இடித்து நகர்த்தியது, இடித்த மாட்டுக்குக் கொம்பு மிஞ்சியதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. அது சர்வேயர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை. முன்னால் அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார் என்று பின்னால் வருகிறவர் எழுத மாட்டார். பழியை வாயில்லாத ஜீவன் மேல் போட்டு, கல்லைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார்.

ஓய்வுபெற்ற சர்வேயர் தர்மராஜும் முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அறுபது எழுபது மாடுகள் மேல் குற்றம் சுமத்தியவர்தான். ஆனால் அவர் போட்ட கல்லை மட்டும் இதுவரை எந்த மாடும் இடித்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்ச நஞ்சப் பெருமை இல்லை. ஊரில் ‘தர்மராஜ் கல்லு’ என்று சொன்னால் அண்ணன் தம்பிச் சண்டைகூட அந்த இடத்தில் நின்றுபோகும். கல்யாணத் தரகர் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் பேச்சு மாறவே மாட்டார்கள் என்பதற்கு, “தர்மராஜ் கல்லுங்க, நம்பிப் பண்ணுங்க” என்று டீக்கடையில் யாரிடமோ சொன்னதைத் தன் காதாலேயே கேட்டு, அந்த டீக்கடையிலேயே வேண்டுமென்று இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்தவர் அவர். அதை மனைவி பானுமதியிடம் வந்து சொன்னார். அடுத்த வாரமும் சொன்னார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கியது. கையில் ஒரு பை சாத்துக்குடி.

“வணக்கம் சார். நான் மதிவதனி. டவுன் சர்வேயரா வந்து ஆறு மாசம் ஆவுது. முன்னாடியே வந்து பாத்திருக்கணும். தப்புதான்.”

“வாம்மா, வா. உக்காரு.”

“நீங்க உக்காருங்க சார்.”

“அட, வந்தவங்க நீ. உக்காரும்மா.”

“உங்க முன்னாடி எப்படி சார்? நீங்க மொதல்ல உக்காருங்க.”

இது இப்படியே நாலைந்து சுற்றுப் போனது. பானுமதி காப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “நீங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருங்க. காப்பி உக்காந்துடுச்சி” என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்போதும் மதிவதனி நாற்காலியின் விளிம்பில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண் இவ்வளவு அடக்கமாக இருப்பதைப் பார்த்து தர்மராஜுக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது.

“சார், நீங்க போட்ட கல்லு ஒண்ணை அளக்கச் சொல்லி மனு வந்திருக்குது. பெரியவங்க போட்ட கல்லை அவங்களைக் கேக்காம தொடறது சரியில்ல. செவ்வாக்கெழம காலைல நீங்க வந்து பக்கத்துல நிக்கணும். உங்க முன்னாடிதான் டேப்பே பிரிப்பேன்.”

தர்மராஜ் பானுமதியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டாயா என்று அர்த்தம். “அதுக்கென்னாம்மா, வந்துட்டாப் போச்சு. எந்தக் கல்லு?”

“செராமிக் பேட்டைக்குப் பின்னாடி சார். சின்னச் சூளைக்காரங்களுக்குப் பிரிச்ச மனைங்க இருக்குதில்ல? அதுல பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல.”

வாய்க்குப் போன காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

வேறு எந்தக் கல்லாக இருந்தாலும் அவர் மாலை போட்டுக்கொண்டு போயிருப்பார். இந்த ஒரு கல்தான் அவர் வாழ்க்கையில் போட்ட தப்பான கல். அதைவிடக் கொடுமை, தப்பென்று தெரிந்தே போட்ட கல். நாற்பது வருஷமாக அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் டீக்கடையில் தரகர் என்ன சொல்வார்?

நடந்தது இதுதான். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். பெரிய சர்வேயர் சாமிக்கண்ணுவோடு அந்த மனைகளை அளக்கப் போனார். மழை விட்ட மறுநாள். தரை முழுக்கப் பீங்கான் களிமண் கொட்டிச் சேறாகிக் கிடந்தது. அந்தக் காலத்தில் அளப்பதற்கு இரும்புச் சங்கிலி. இருபது மீட்டர் நீளம், ஒரு சாண் நீளத்துக்குச் சிறு சிறு கண்ணிகளாகக் கோத்தது. காலையிலேயே, “சங்கிலியை நானே சரிபாத்துட்டேன்பா” என்று சாமிக்கண்ணு சொல்லியிருந்தார். தெருமுனைக் கல்லிலிருந்து இரண்டு சங்கிலி இழுத்தார்கள். நாற்பது மீட்டர் என்று கணக்கு. முளை அடித்தாகிவிட்டது.

சங்கிலியைச் சுருட்டும்போதுதான் கொழுக்கட்டை அளவுக்குக் களிமண் உருண்டை ஒன்று தர்மராஜின் கையில் தட்டுப்பட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கண்ணி ஒன்று மடிந்து, முன்னதும் பின்னதும் சேர்ந்து ஒட்டிக் கிடந்தது. இரண்டு கண்ணி நீளத்தை, நாற்பது சென்டிமீட்டரை, சங்கிலி விழுங்கியிருந்தது. இரண்டு தடவை இழுத்ததில் எண்பது. கல் எண்பது சென்டிமீட்டர் முன்னாலேயே நிற்கப்போகிறது.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது, சாமிக்கண்ணு மனைக்காரர்களிடம், “ஒரு நூல் பிசகாதுய்யா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேர் முன்னால் பெரியவரைப் பார்த்து, உங்கள் சங்கிலி தப்பு என்று ஒரு பொடியன் எப்படிச் சொல்வது? மரியாதை தடுத்தது. பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தார். பஸ்ஸில் சாமிக்கண்ணு தூங்கிவிட்டார். நாளைக்கு என்று நினைத்தார். நாளைக்கு, “இது உன் மொதக் கல்லா இருக்கட்டும்ப்பா, நீயே கையெழுத்துப் போடு” என்று சாமிக்கண்ணு வரைபடத்தை நீட்டினார். இதற்குமேல் எதைச் சொல்ல? போட்டார். பிறகு வாரம் ஆனது, வருஷம் ஆனது, சாமிக்கண்ணுவும் காலமானார். கல்லின் மேல் உடைந்த பீங்கான் சில்லுகளைக் கொட்டிக் கொட்டி அது ஒரு மேடாகவே ஆகிவிட்டது. தர்மராஜ் நிம்மதியாகப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

“என்னாங்க, காப்பி சுட்டுடுச்சா?” என்றார் பானுமதி.

“இல்ல, இல்ல.” டம்ளரைக் கீழே வைத்தார். “என்னாம்மா பிராது?”

“பதினெட்டாம் மனைக்காரர் ராஜ்மோகன், ஃபியூஸ் கட்டை பண்றவரு. போன மாசம் அந்த ஓட்டு மேட்டை ஜேசிபி வெச்சு வாரியிருக்காரு. உள்ளேருந்து உங்க கல்லு வந்திருக்குது. பதினேழாம் மனையில அம்சவல்லின்னு ஒரு அம்மா, அகல் விளக்கு சுடறாங்க. கல்லுப்படி பாத்தா அவங்க சூளை ரெண்டரை அடி இவரு மனைக்குள்ள இருக்குது. பிரிச்சுட்டு மதில் கட்டணும்ங்கிறாரு.” மதிவதனி சாத்துக்குடிப் பையை மேசைமேல் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். “நீங்க போட்ட கல்லு சார், எனக்குச் சந்தேகமே இல்ல. சும்மா பேருக்கு அளந்துட்டு எழுதிட்டு வந்துடலாம்.”

அவள் போனதும் தர்மராஜ் தனக்குக் காய்ச்சல் வருவதுபோல் இருப்பதாகச் சொன்னார். பானுமதி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல. எந்திரிச்சுப் போயி குளிங்க” என்றார்.

திங்கட்கிழமை முழுக்க யோசித்ததில் அவருக்கு ஒரு தெம்பு வந்தது. இந்தப் பெண் முறை தெரிந்த பெண். அளப்பாள். கல் தப்பென்று அவளுக்குத் தெரிந்துவிடும். மாடு இடித்தது என்று எழுதுவாள். கல்லைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நடுவாள். சூளையும் பிழைக்கும், பேரும் பிழைக்கும். நாற்பது வருஷப் பாவத்தை ஒரு மாட்டின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் புறப்பட்டார்.

மனை வாசலில் ராஜ்மோகன் பொன்னாடையோடு நின்றிருந்தார்.

“வாங்க சார், வாங்க! உங்களால எனக்கு ரெண்டரை அடி கெடைச்சுது.” தோளில் பொன்னாடையைப் போர்த்தி, கல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, செம்பருத்திப் பூ ஒன்றையும் சொருகியிருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சூளைக்காரர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். மதில் கட்ட வந்த கொத்தனார் காத்தவராயன் நூல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். கல்லைப் பார்த்ததும் தர்மராஜுக்கு அந்தப் பூவைப் பிடுங்கிப் போட வேண்டும்போல் இருந்தது.

சூளை ஓரத்தில் அம்சவல்லி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் களிமண். அவருக்குப் பின்னால் அகல் விளக்குகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம். இவர் சண்டை போடுவார், கத்துவார், அதில் ஏதாவது வழி பிறக்கும் என்று தர்மராஜ் எதிர்பார்த்தார். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார்.

“ஐயா கல்லுன்னு சொன்னாங்க. அப்பறம் நான் என்னாங்க பேசறது? எங்க மாமனாரு டேப்பு வெச்சு அளந்துதான் சூளை போட்டாரு. அவருக்கு என்னா தெரியும்? இந்தச் சுத்து வெந்து எறங்கினதும் பிரிச்சிக்கிறேன். ஒரு வாரம் மட்டும் வுடச் சொல்லுங்க.”

அந்த மாமனாரின் டேப்புதான் சரி. அதை எழுந்து சொல்ல வேண்டியவர் பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்.

மதிவதனி தெருமுனைக் கல்லில் ஆரம்பித்தாள். குச்சிமேல் தொப்பி வைத்த மாதிரி ஒரு ஜிபிஎஸ் மெஷின். அங்கே ஒரு தடவை வைத்தாள், இங்கே கல்மேல் ஒரு தடவை வைத்தாள். திரையைப் பார்த்தாள். தர்மராஜைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“சிக்னல் சரியில்ல” என்றாள்.

மெஷினை அணைத்துப் போட்டு மறுபடி வைத்தாள். “பேட்டரி எறங்கிடுச்சு போல.” பேட்டரியை மாற்றினாள். மறுபடி வைத்தாள். “மேகமா இருக்குது.” கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசியில் இரும்பு டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்தொன்பது மீட்டர் இருபது. வரைபடத்தில் நாற்பது.

“டேப்பு வெயில்ல நீண்டிருக்கும் சார்” என்றாள், தலை நிமிராமல்.

வெயிலில் டேப் நீளும் என்பது உண்மைதான். ஆனால் எண்பது சென்டிமீட்டர் நீள வேண்டுமென்றால் அதை அம்சவல்லியின் சூளைக்குள்ளேயே வைத்துச் சுட்டாக வேண்டும். தர்மராஜுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மாட்டைக் கூப்பிடும்மா, சீக்கிரம் மாட்டைக் கூப்பிடு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

மதிவதனியும் அதற்குத்தான் வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்தப் பக்கம் மாடு கீடு வருமாங்க?” என்று கேட்டாள்.

“மாடா?” என்றார் ராஜ்மோகன். “கேட்டு போட்ருக்கோம் மேடம். நாய்கூட வராது.”

“முன்னாடி? கேட்டு போடறதுக்கு முன்னாடி?”

“அப்ப பூராவும் பீங்கான் ஓடு. காலை வெச்சா கிழிச்சிடும். எந்த மாடு வரும்?”

“லாரி ஏதாவது ரிவர்ஸ் வந்து இடிச்சிருக்குமோ?”

“கல்லு மேட்டுக்குள்ள இருந்துது மேடம். இடிக்கணும்னா லாரி மண்ணுக்குள்ள பூந்துதான் போவணும்” என்றார் காத்தவராயன்.

கூட்டம் சிரித்தது. மதிவதனி பேனாவைத் திறந்தாள், மூடினாள். தர்மராஜ் பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து அவளைச் சூளைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏம்மா, உனக்குத் தெரிஞ்சு போச்சுல்ல?”

“என்னா சார்?”

“கல்லு தப்புன்னு.”

மதிவதனி காய்கிற விளக்குகளைப் பார்த்தாள். “மொத தடவையே தெரிஞ்சிடுச்சு சார்.”

“அப்பறம் சொல்லேன்!”

“மாட்டேன் சார்.” குரல் சின்னதாக இருந்தாலும் உறுதியாக இருந்தது. “இதுக்கு முன்னாடி, நம்ம மாவட்டத்து மங்களூர்ல இருந்தப்ப ஒரு தடவை சொன்னேன். பெரியவர் ஒருத்தர் கல்லு ஒரு மீட்டர் தப்புன்னு எல்லார் முன்னாடியும் பட்டுனு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் ஆறு மாசம் ஒரு சர்வேயர்கூட என்கிட்ட பேசல. பழைய புத்தகம் கேட்டா பீரோ சாவி தொலைஞ்சிடும். டீ குடிக்கப் போனா என்னை வுட்டுட்டுப் போவாங்க. அந்தப் பெரியவரு அதுக்கப்பறம் வெளியிலயே வரலன்னு சொன்னாங்க. எனக்கு அதுதான் சார் ரொம்ப கஷ்டமாப் போச்சு. உங்களுக்கு நான் அதைப் பண்ண மாட்டேன்.”

“அப்ப இந்த அம்மா?”

“இன்னிக்குக் கல்லுப்படி எழுதிடறேன். அப்பீல் போகச் சொல்லிடறேன். அங்க வேற யாராவது கண்டுபிடிச்சுக்கட்டும்.”

“அப்பீலுக்கு எவ்ளோ நாளாவும்?”

“ஒரு வருஷம் சார்.”

சூளையை அடுத்த வாரமே பிரித்துவிடுவார்கள். தர்மராஜ் அவளைப் பார்த்தார். தலை குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக நின்றாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் களிமண் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தானும் இப்படித்தான் நின்றோம் என்று தோன்றியதும் அவருக்குக் கோபம் வந்தது. அவள் மேலா தன் மேலா என்று தெரியாத கோபம். விறுவிறுவென்று கூட்டத்துக்கு நடுவே போனார்.

“இந்தக் கல்லு தப்புய்யா!” என்றார்.

ராஜ்மோகன் கையெடுத்துக் கும்பிட்டார். “பாத்தீங்களா? இதான் பெரிய மனுஷத்தனம். அந்த அம்மா மேல எரக்கப்பட்டு தன் கல்லையே தப்புங்கிறாரு.”

“எரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் போட்டது தப்பு. எண்பது சென்டிமீட்டர் தப்பு.”

“எவ்ளோ தன்னடக்கம் பாருங்க!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“ஐயா, எனக்காவ உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க” என்றார் அம்சவல்லி, கண் கலங்கி. “சூளை போனா இன்னொரு சூளை.”

“அம்மா, உன் மாமனாரு அளந்ததுதாம்மா சரி!”

“ஐயோ, செத்துப்போன மனுஷனைக்கூட வுட்டுக்கொடுக்காம பேசறாரே” என்று அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தர்மராஜ் கத்தினார். கத்தியதும் வெயில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, யாரோ சோடாவை உடைத்துக் கொடுத்தார்கள். இன்னொருவர் அவர் வீட்டுக்கு போன் போட்டு, “சாருக்கு பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா?” என்று பானுமதியிடம் விசாரித்தார். வாழ்க்கை முழுக்கச் சேர்த்த நல்ல பேர் இப்போது நந்தி மாதிரி வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தர்மராஜ் தப்புப் பண்ணினார் என்பதைத் தர்மராஜே சொன்னாலும் நம்ப இந்த ஊர் தயாராக இல்லை.

இரண்டு மடக்கு சோடா குடித்தார். கல்லின் மேலிருந்த செம்பருத்தியை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு கத்தாமல் சொன்னார்.

“அன்னிக்கு மழை வுட்ட மறுநாளு. சங்கிலில ஒரு கண்ணி மடிஞ்சி களிமண்ணு மூடிக்கிச்சு. அதான் கல்லு குறைஞ்சுது.”

காத்தவராயன் நூல் உருண்டையைக் கீழே வைத்தார். களிமண் எப்படி ஒட்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“உங்களுக்கு அது எப்ப சார் தெரியும்?” என்று ராஜ்மோகன் கேட்டார். குரலில் கும்பிடு குறைந்திருந்தது.

இதுதான் கேள்வி. அப்புறம் தெரிந்தது என்று சொன்னால் போதும். தெரியாமல் நடந்த தவறு என்று ஊர் மன்னித்து இன்னொரு பொன்னாடையும் போர்த்தும். தர்மராஜ் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மதிவதனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கே தெரியும்” என்றார். “கல்லு நடறதுக்கு முன்னாடியே தெரியும். மடிஞ்ச கண்ணியை இந்தக் கையாலதான் பிரிச்சேன்.”

“அப்பறம் ஏன் சார் சொல்லல?”

“பக்கத்துல பெரியவர் ஒருத்தர் நின்னாரு. அவ்ளோ பேரு முன்னாடி சொன்னா அவருக்கு மரியாதையா இருக்காதுன்னு சொல்லல.”

“யாரு அவரு?”

“பேரு வேணாம். கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது.”

தன்னடக்கம் என்று இந்தத் தடவை எந்தக் குரலும் எழவில்லை. அம்சவல்லி தன் சூளையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தர்மராஜைப் பார்த்தார். கும்பிடவில்லை. நாற்பது வருஷமாக இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்ததில் தன் வீட்டுச் சோறு போயிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். அந்தப் பார்வையை தர்மராஜால் தாங்க முடியவில்லை.

மதிவதனி முன்னால் வந்தாள். ஃபீல்டு புத்தகத்தைத் திறந்து, கட்டியிருந்த கைகளைப் பிரித்து, கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“தர்மராஜ் சார் போட்ட இந்தக் கல்லு எண்பது சென்டிமீட்டர் தப்பு. அளவு தப்பு. மெஷின்லயும் ஒண்ணுமில்ல, டேப்புலயும் ஒண்ணுமில்ல. அம்சவல்லி அம்மாவோட சூளை அவங்க எடத்துலதான் இருக்குது. அப்படித்தான் எழுதறேன்.”

இதையேதான் தர்மராஜ் இவ்வளவு நேரமும் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

“கொஞ்சம் மெதுவாச் சொல்லக் கூடாதாம்மா?” என்றார்.

“மெதுவாச் சொன்னா யாருக்கும் கேக்காது சார்.”

ராஜ்மோகன் நாற்காலியில் கிடந்த பொன்னாடையை எடுத்து நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. காத்தவராயன் கடப்பாரையை வாங்கிக் கல்லைப் பிடுங்கி, மதிவதனி காட்டிய இடத்தில் புதிதாகக் குழி தோண்டினார். அம்சவல்லி போய் அடுப்புக்கு விறகு அடுக்கத் தொடங்கினார். தர்மராஜைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

கல் நட்டு முடிந்ததும் மதிவதனி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். புத்தகத்தைப் பையில் வைத்தாள். எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை வாயெடுத்துவிட்டுக் கேட்டாள்.

“சார், அன்னிக்கே அந்தப் பெரியவர்கிட்ட சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பாரு? திட்டியிருப்பாரா?”

தர்மராஜ் யோசித்தார். நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை அவர் ஒரு தடவைகூடத் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. சாமிக்கண்ணுவின் முகம் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் யாரையும் திட்டி அவர் பார்த்ததே இல்லை. தன் டிபன் பாக்ஸில் பாதி இட்லியைச் சங்கிலி பிடிக்கிற ஆளுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார்.

“திட்டறதா? அவரா?” என்றார். “‘நல்லவேளை பாத்தியேப்பா’ன்னு சொல்லிட்டு, சங்கிலியை ஒரு உதறு உதறியிருப்பாரும்மா. மறுபடி அளந்திருப்போம். அரை மணி நேர வேலை.”

சொல்லி முடித்ததும் அவருக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. காலையில் வந்த மதிவதனியாக இருந்தால் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பி மெஷினைத் துடைத்திருப்பாள். இப்போது அவள் திரும்பவில்லை.

“அழுவுறீங்க சார்” என்றாள்.

“ஆமாம்மா” என்றார் தர்மராஜ்.